கோர்ட்டு அக்கா சொன்ன பதில்

கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும் முக்கில் ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. அந்த அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. "பொள்ளாச்சி பஸ் போயிருச்சுங்களா?" என்று பொதுவாகக் கேட்டேன். நின்றிருந்தவர்களில் ஒருவர் போய்விட்டது என்றார். இன்னொருவர் இனிமேல்தான் வரும் என்றார். பெரிய துணிப்பையைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு நின்ற அக்கா மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"நா வந்ததுக்கப்பறம் போகலீங்க."

"நீங்க எப்ப வந்தீங்க?"

"கால் மணி நேரம் இருக்கும். மணி பாக்கல."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் அவருக்குக் கோர்ட்டு அக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தவர் மாதிரி பேசுகிறார் என்பதால் வந்த பெயர். எப்பவும், ஒருநாளும், எல்லாரும் என்கிற சொற்கள் அவர் வாயில் வந்ததே இல்லை. இப்படி எழுதிவிட்டு யோசிக்கிறேன். ஐந்து வருடத்தில் அவர் பேசியதையெல்லாம் நானா கேட்டேன்? நான் இருந்தபோது வந்ததில்லை. அவ்வளவுதான் சொல்லலாம்.

என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, தெருவின் கிழக்குக் கோடியில் இருந்தார். அப்பளம் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பதுதான் தொழில். அந்தத் துணிப்பையில் இருப்பதும் அப்பளக் கட்டுகள்தான். காலையில் மாவை இடித்து உருட்டித் தேய்த்து, வாசலில் வெள்ளை வேட்டிகளை விரித்துக் காயப்போடுவார். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பரப்ப மாட்டார். முதலில் ஒரே ஒரு அப்பளம் வேட்டியின் நடுவில் போகும். பத்து நிமிடம் கழித்து அதை எடுத்து, வெயிலுக்கு நேராகப் பிடித்து, உள்ளங்கையில் தட்டிப் பார்ப்பார். கையில் தூசி ஒட்டவில்லை என்றால்தான் மற்றவை வெளியே வரும். "ஆள் அனுப்பிப் பாக்கறேன்" என்பார் இதற்கு. அந்த முதல் அப்பளத்தைக் கடைக்குக் கொடுக்க மாட்டார். வீட்டுக்காரருக்குப் பொரித்துப் போட்டுவிடுவார்.

அவர் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறவர். ஊரே சிரிக்கும்படி பேசுவார். "கண்ணாலத்தன்னைக்கு, என்னைப் புடிச்சிருக்குதான்னு கேட்டனுங்க. இன்னும் தெரியலீங்கன்னுட்டா. மாலை கழுத்துல, மணவறைல ஒக்காந்துட்டு!" என்று என்னிடமே இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

"இப்பக் கேக்க வேண்டீதுதானுங்கண்ணா?" என்றேன்.

"கேட்டனே. முக்காவாசி நாளுப் புடிக்குதுன்னா."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "அது போன வருசம் சொன்னது."

எதிர்வீட்டுப் பெண்ணை விசாரிக்க வெளியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதும் இப்படித்தான். அக்கம்பக்கம் எல்லாரும் தங்கமான பொண்ணு என்று சொல்லி அனுப்பினோம். நானும் சொன்னேன். அந்தப் பெண்ணோடு நான் நாலு வார்த்தை பேசியிருப்பேனா என்பதே சந்தேகம். அக்கா சொன்னது வேறு. "நல்ல புள்ளைங்க. கோவம் வரும். வந்தா சாயங்காலத்துக்குள்ள போயிரும். சமைக்கத் தெரியுமான்னு எனக்குத் தெரியாதுங்க, நா அங்க சாப்புட்டதில்ல." பெண்ணின் அம்மா வாசலில் நின்று கத்தினார். ஆறு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. கல்யாணம் என்னவோ அந்த மாப்பிள்ளையோடுதான் நடந்தது. இந்தத் தெருவில் ஒரு ஆளாவது உள்ளதைச் சொன்னதே என்று மாப்பிள்ளையின் அம்மா பிற்பாடு சொன்னாராம். அக்கா அதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை. "அவங்க அப்பிடிச் சொன்னத நா காதுல கேக்கலியே" என்றார்.

என் சுபாவம் நேர் எதிர். எனக்கு யாராவது ஒருவர் உறுதி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மகன் கவின் பிறந்த பிறகு இது முற்றிப்போனது. பால் போதுமா, பேச்சு வந்துவிடுமா, காய்ச்சல் இறங்கிவிடுமா என்று எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கேட்பேன். எல்லாரும் சரியாயிரும் என்பார்கள். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு அரை நாள் ஓட்டுவேன். அக்காவிடம் மட்டும் கேட்கப் பயம். ஒருமுறை, பையன் இளைத்திருக்கிறானா என்று கேட்டு, "போன மாசத்துக்கு எளச்சிருக்கான்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்து, அடுப்படியில் நின்று அழுதேன். மறுநாள் அக்கா ஒரு கிண்ணத்தில் நெய் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் தெருவுக்குக் கிழக்கே, ஒரு தென்னந்தோப்பு தாண்டி, மஞ்சி மில் ஒன்று இருந்தது. தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கிற மில். நார் போக மிஞ்சும் தூளைக் களத்தில் கொட்டிக் காயவைத்து, பிற்பகலில் சல்லடை இயந்திரத்தில் போட்டுச் சலிப்பார்கள். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும்போது அந்தத் தூசி எங்கள் பக்கம் வராது. கார்த்திகை கடைசியில் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து அடிக்கும். அதன் பிறகு மாசி வரைக்கும் வாசல், துணி, முருங்கை இலை எல்லாம் காவி நிறமாகிவிடும்.

கவினுக்கு மூன்று வயதான தை மாதத்தில் வீஸிங் வந்தது. முதல் தடவை அவன் நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்து இழுத்து வாங்கியதைப் பார்த்து, செருப்புகூடப் போடாமல் அவனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். அந்த இரண்டு மாதத்தில் நாலு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தூசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எப்படி என்று அவர் சொல்லவில்லை. ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி திணித்து, பையனை உள்ளேயே வைத்திருந்தேன். மாசி கழிந்து தூசி நின்றதும் அவன் தெருவில் இறங்கி ஓடினான். அடுத்த தைக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் பஞ்சாயத்திலிருந்து கருத்துக் கேட்பு வந்தது. மில்லின் லைசென்சைப் புதுப்பிக்கும் முன், சுற்றியுள்ள வீடுகளில் வெளிக் காற்றின் தரம் பற்றி விசாரித்துப் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். படிவம் மலையாளத்தில் இருந்தது. மலையாளம் படிக்கவும் தமிழில் கேட்கவும் ஆள் வேண்டுமென்று வார்டு மெம்பர் என்னைக் கேட்டார். பி.எஸ்ஸி. படித்து, மலையாளமும் தெரிந்து வீட்டில் இருக்கிறவள் நான் ஒருத்திதான். உடனே ஒத்துக்கொண்டேன். ஊருக்காகச் செய்கிறேன் என்று மாமியாரிடம் சொன்னேன். அது முழு உண்மையில்லை.

நாற்பதுக்குப் பக்கம் வீடுகள். ஆடி மாதம். மேல்காற்று கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. தையில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு மில்லைத் திட்டியவர்களெல்லாம் இப்போது வாசலில் நின்று, "காத்துக்கு என்னம்மிணி கொறச்சல்? நல்லதுன்னே போட்டுரு" என்றார்கள். "தையில எப்பிடி இருந்துதுங்க?" என்று எடுத்துக் கொடுத்தேன். "அது அப்ப" என்றார் ஒருவர். "சரி, நீயே பாத்துப் போட்டுக்க" என்றார்கள் பலர். நான் பார்த்துப் போட்டுக்கொண்டேன். பெரும்பாலும் மிக மோசம் என்று.

அக்கா வீட்டுக்குப் போனபோது நாலு மூலைக்கும் கல் வைத்த வேட்டியின் நடுவில் முதல் அப்பளம் கிடந்தது.

"வெளிக்காத்து எப்பிடிங்கக்கா இருக்குது? நல்லது, பரவால்ல, மோசம், மிக மோசம், தெரியாது. இதுல ஒண்ணு சொல்லுங்க."

"எப்ப?"

"எப்பன்னா... பொதுவா."

"பொதுவாங்கறது எந்த மாசம் அம்மிணி?"

மாதம் எழுத இடம் இருக்கிறதா என்று படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"இந்த மாசம் நல்லது. எழுதிக்க. கார்த்திகைல கீகாத்து திரும்புனா மோசம்."

"அப்ப மோசம்னு போட்டுக்கறனுங்க."

"காலம்பற மோசமில்லியே. மூணு மணிக்கு மேலதான், சல்லடை ஓடறப்ப. ஞாயித்துக்கெழம ஓடறதில்ல. அன்னைக்கு நல்லது."

"அக்கா, ஒரு கட்டத்துலதான் டிக் போடோணும்."

"அப்பக் கட்டத்தப் பெருசாப் போடச் சொல்லு."

கடைசியில் அவர் சொன்னதையெல்லாம் பென்சிலால் படிவத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். எத்தனை மணி, எந்த மாதம், சல்லடை ஓடினால், ஓடாவிட்டால் என்று ஓரம் முழுக்க எழுத்தானது. பஞ்சாயத்து ஆபீஸில் படிவங்களை வாங்கிய பையன் அதைப் பார்த்துவிட்டு, ஒரு கட்டம் மட்டும் குறிக்காவிட்டால் படிவம் செல்லாது என்றான். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ரப்பரால் எல்லாவற்றையும் அழித்தேன். அழிக்கும்போது, அக்காவிடம் திரும்பப் போய்க் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. கேட்டால் என்ன சொல்வார் என்றும் தெரியும். மிக மோசம் என்கிற கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம் ஸ்கூல் ஹாலில் கூட்டம் கூட்டினார்கள். கவினை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மெம்பர் முடிவை வாசித்தார். கிழக்குக் கோடி வீடுகள் அத்தனையும் மிக மோசம். மில்லுக்காரர் எழுந்தார். எங்கள் ஊர்க்காரர்தான், வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. ஜன்னலைக் கையால் காட்டினார். தென்னை மட்டைகள் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

"எல்லாரும் ஒருக்கா வெளிய போய் நின்னு மூச்சு இழுத்துப் பாருங்க. இதுதான் மிக மோசமாமுங்க!"

பின்வரிசையில் சிரித்தார்கள். அவர் கிழக்குக் கோடிப் படிவங்களை மெம்பரிடமிருந்து வாங்கிப் புரட்டினார். ஒன்றில் நிறுத்தினார். எனக்கு எதுவென்று தெரிந்துவிட்டது.

"ஏனுங்கம்மிணி," என்றார் அக்காவைப் பார்த்து. "நீங்க ஒண்ணக் கூட்டிக் கொறச்சுச் சொல்றவங்க இல்ல. எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இதுல மிக மோசம்னு போட்டிருக்குது. நீங்க சொன்னதுங்களா?"

அக்கா ஹாலின் ஓரத்தில், பெண்களோடு பெண்களாக உட்கார்ந்திருந்தார். மெதுவாக எழுந்தார். என்னைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். கண்ணாலும் கெஞ்சியிருப்பேன்.

"நா அப்பிடிச் சொல்லலீங்க."

ஹாலில் சலசலப்பு எழுந்தது. மில்லுக்காரர் படிவக் கட்டை மேசையில் வைத்தார். "கேட்டுக்குங்க. ஒண்ணு இப்பிடின்னா மத்ததெல்லாம் எப்பிடியோ!"

"நல்லதுன்னும் சொல்லலீங்களே," என்றார் அக்கா.

இப்போதும் சிரித்தார்கள். ஆனால் அக்கா உட்காரவில்லை. அன்று எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னார். கீகாத்து மாதங்கள். மூன்று மணிக்கு மேல். சல்லடை ஓடினால். "அந்த நேரத்துல என்ற அப்பளத்தக் காயப்போட முடியறதில்லீங்க. பத்து நிமிசத்துல கையில ஒட்டுது. காலைல மில்லு ஓடறதுல எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. எட்டரை ஒம்பது வரைக்கும் காத்து எந்திரிக்கறதில்ல. இந்த மாசம் நீங்க எத்தன மணிக்கு ஓட்டுனாலும் எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க."

மில்லுக்காரர் மேசையில் கிடந்த படிவக் கட்டை ஓரம் தட்டி அடுக்கினார். சல்லடை எத்தனை மணிக்கு ஓடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. "தூளு காஞ்சாத்தானுங்கம்மிணி சலிக்க முடியும்? காலைல பனி எறங்கி ஈரமாக் கெடக்கும்," என்றார். குரலில் முன்பிருந்த விளையாட்டு இல்லை.

"இன்னைக்குக் காஞ்சத சாயங்காலம் தார்ப்பாய் போட்டு மூடுனா நாளைக்குக் காலம்பறச் சலிக்கலாங்க. நா அப்பளத்துக்கு அப்பிடித்தான் பண்றேன். உங்க களம் பெருசு. முடியுமான்னு நீங்கதான் பாக்கோணும்."

மெம்பர் படிவத்தைத் தூக்கிப் பிடித்தார். "அப்ப இதுல டிக் போட்டது யாரு?"

நான் எழுந்தேன். கவின் தூங்கிவிட்டிருந்தான். தோளில் போட்டுக்கொண்டுதான் நின்றேன். "நாந்தானுங்க," என்றேன். "அக்கா சொன்னத எழுதி வெச்சிருந்தனுங்க. அழிச்சுட்டுப் போட்டுட்டேன். இன்னும் சிலதும்..." மேசையிலிருந்த மற்ற படிவங்களைக் கண்ணால் காட்டினேன்.

யாரோ உச்சுக் கொட்டினார்கள். படிச்ச புள்ள, என்று ஒரு குரல் இழுத்தது. அக்கா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"அவ போட்டது தப்புத்தானுங்க," என்றார். "போன தையில அந்தப் பையன் மூச்சுக்கு இழுத்தத நா என்ற கண்ணுல பாத்தேன். ரெண்டு தடவ. மத்த ரெண்டு தடவ நா ஊட்டுல இல்ல. அதையும் எழுதிக்குங்க."

அன்று வீட்டுக்கு வரும்போது அக்காவோடு பேசாமல் நடந்தேன். கோபமா வெட்கமா என்று கேட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளைக்காக ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்றுதான் தெருமுக்கு வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தேன். வாசலுக்கு வந்ததும் அக்கா, "பையனக் கொண்டா, கை வலிக்கும்," என்று கவினை வாங்கிக்கொண்டு நான் பூட்டைத் திறக்கும்வரை நின்றார்.

படிவங்களை மறுபடி நிரப்ப வேண்டியதாயிற்று. இந்த முறை மாதமும் நேரமும் எழுதத் தனியாக இடம் விட்டிருந்தார்கள். அதே நாற்பது வாசல்களில் நான்தான் போய் நின்றேன். வேறு ஆளை அனுப்புகிறேன் என்று மெம்பர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "இப்ப யாரு சொல்றத எழுதப் போறே அம்மிணி?" என்று சிரித்தார்கள் சிலர். கேட்டுக்கொண்டேன். நின்று யோசித்துப் பதில் சொன்னவர்களும் இருந்தார்கள். பனி மாசத்துல சாயங்காலம், என்றார் ஒருவர். நான் பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போறவ, பகல்ல எப்பிடின்னு எனக்குத் தெரியாது, என்றார் ஒரு பெண். தெரியாது என்கிற கட்டத்தில் அன்றுதான் முதல் டிக் போட்டேன்.

மில்லுக்கு லைசென்சு புதுப்பித்தார்கள். கார்த்திகை முதல் மாசி வரை பிற்பகலில் சல்லடை ஓட்டக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். தார்ப்பாய்கள் வந்தன. அதை மில்லுக்காரர் ஒழுங்காக நடத்தினாரா என்று நான் பின்னால் அக்காவைக் கேட்டேன். "தையில மூணு நாளு மத்தியானம் ஓட்டுனாங்க. மத்த நாளு நா பாத்த வரைக்கும் ஓட்டல," என்றார்.

அந்தத் தையில் கவினுக்கு ஒரே ஒரு முறைதான் இழுப்பு வந்தது. வீட்டிலேயே இன்ஹேலர் மருந்து அடித்ததில் அடங்கிவிட்டது. ஆனாலும் எனக்குப் பயம் விடவில்லை. மாசியில் ஒருநாள், நாலு மணி இருக்கும், அவன் அக்கா வீட்டு வாசலில் அப்பள வேட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். கீழ்க்காற்று நன்றாக அடித்தது. அக்கா காய்ந்த அப்பளங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்கக் கூடாது என்று எத்தனையோ நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"இனிமே இவனுக்கு வராதுல்லங்கக்கா?"

அக்கா கையிலிருந்த அடுக்கைக் கீழே வைத்தார். ஓடிவந்த பையனைப் பிடித்து நிறுத்தி, சட்டையை மேலே தூக்கி, முதுகில் காதை வைத்தார். அவன் கூசிச் சிரித்தான். "சிரிக்காத சாமி, கேக்க முடியல," என்றார். அவன் அடங்கும்வரை காத்திருந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இப்ப சத்தமில்ல அம்மிணி."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஏதாவது சொல்வார் என்று. அவரும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, அவன் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மறுபடியும் காதை வைத்தார்.

"இப்பவும் இல்ல," என்றார்.